உத்தரவு என்றைக்குக் கைக்கு வந்தது?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அருகே, தம்புச் செட்டித் தெருவின் மாடியறை ஒன்றில் இருக்கிறது அந்த வக்கீலம்மாவின் அலுவலகம். அரசு ஊழியர் வழக்கு, தேர்தல் வழக்கு, இந்த இரண்டைத் தவிர வேறெதையும் அவர் எடுப்பதில்லை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து பையிலிருந்து காகிதக் கட்டை எடுக்கும்போதே அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “உத்தரவு என்றைக்குக் கைக்கு வந்தது?” தனக்கு நடந்த அநியாயத்தைக் கொட்டித் தீர்க்க வந்தவருக்கு முதலில் சற்று ஏமாற்றமாக இருக்கும். மேலதிகாரியின் பழிவாங்கலையும், வார்டைப் பிரித்த விதத்தையும், பட்டியலில் காணாமல்போன பெயரையும் அவர் பொறுமையாகக் கேட்கத்தான் செய்வார். தேதி தெரிந்த பிறகு.

அவர் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் சீனியர் முதலில் படிக்கச் சொன்ன தீர்ப்பு நம் ஊர் வழக்கிலிருந்து பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். அன்றைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் தொகுதியில், சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட என்.பி.பொன்னுசாமி மனுத் தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28 அன்று, பரிசீலனையில் அந்த மனு தள்ளுபடியானது. அவர் உயர் நீதிமன்றம் போனார். அங்கே கதவு திறக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 1952 ஜனவரி 21 அன்று கைவிரித்தது. நீதிபதி ஃபசல் அலி எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இது: தேர்தல் என்பது ஓட்டுப் போடும் ஒரு நாள் மட்டுமல்ல, அறிவிக்கை வெளியாவது முதல் முடிவு அறிவிப்பது வரை நடக்கும் அனைத்தும் தேர்தலே, அரசமைப்புச் சட்டத்தின் 329ஆவது பிரிவு அதன் நடுவே எந்த நீதிமன்றமும் நுழையக் கூடாதென்கிறது, குறை இருந்தால் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகக் கொண்டுவர வேண்டும். ஓட்டுப் போடும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் சட்டம் கொடுத்தவை, ஆகவே சட்டம் வகுத்த வழியில்தான் பரிகாரமும் கிடைக்கும் என்றது நீதிமன்றம்.

இளம் வயதில் இந்தத் தீர்ப்பைப் படித்தபோது வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தது. தவறு கண்ணெதிரே நடக்கிறது, தேர்தல் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் வாசலில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். தள்ளுபடியான ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடை உத்தரவு கிடைக்குமானால் இந்த நாட்டில் எந்தத் தேர்தலும் நடந்து முடியாது. தீர்ப்பின் காரணம் அவருக்கு இப்போது விளங்குகிறது. ஆனால் அதற்கு வாக்காளர் கொடுக்கும் விலை சிறியதல்ல என்பதை ராதாபுரம் காட்டியது.

2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் திமுகவின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. 203 தபால் ஓட்டுகள் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. தபால் ஓட்டோடு இணைக்கும் 13ஏ படிவத்தில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். அந்த ஓட்டுகளில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது ஒதுக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம். தலைமையாசிரியர் சான்றொப்பம் இடலாம் என்றது உயர் நீதிமன்றம். அந்த 203 தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. அந்த உத்தரவின் தேதி 2019 அக்டோபர் 1. சில நாள்களில் எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 தேர்தல் வந்து, பழைய சட்டமன்றத்தின் காலமே முடிந்தபோதும் ராதாபுரத்து வாக்காளர்கள் 2016இல் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அறிவிக்கப்படவில்லை.

தபால் ஓட்டுப் போடுவோரில் பெரும்பங்கு யார்? தேர்தல் வேலைக்காக வீட்டைவிட்டுப் போகும் ஆசிரியர்களும் வருவாய்த் துறையினரும் போலீஸ்காரர்களும். மற்றவர்கள் ஓட்டுப் போடத் துணை நிற்பவர்களின் ஓட்டு, சான்றொப்பம் இட்டவரின் பதவிநிலையைக் காரணம் காட்டி ஒதுக்கப்படுகிறது. தேர்தல் மனு விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டம் மனுத் தாக்கல் செய்யக் குடிமகனுக்குக் கொடுப்பது 45 நாள்கள். 46ஆவது நாள் வந்தால் எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் தாமதத்தை மன்னிக்க வழியில்லை. உச்ச நீதிமன்றமே அப்படி அறுதியிட்டுவிட்டது. குடிமகனின் கெடுவில் ஒரு நாள்கூடத் தளராத சட்டம், நீதிமன்றத்தின் கெடுவை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீளவிடுவது நியாயமில்லை. ஒரே சட்டத்தின் இரண்டு கெடுக்களும் ஒரே கண்டிப்போடு நடக்க வேண்டும் என்று வக்கீலம்மா மேடைகளிலும் எழுத்திலும் தொடர்ந்து சொல்லிவருகிறார்.

தொகுதி வரையறையில் கதவு இன்னும் சீக்கிரமே சாத்தப்படுகிறது. உஜ்ஜைன் தொகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஆணையை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி என்பவர் வழக்குப் போட்டார். எல்லை மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு அரசிதழில் வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலு வந்துவிடுகிறது, அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில்தான் இதில் ஒரு சிறு சன்னல் திறந்தது. குஜராத்தின் பர்டோலி தொகுதி பற்றிய வழக்கு அது. வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமான, அரசமைப்பின் விழுமியங்களோடு பொருந்தாத உத்தரவாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சன்னல் சிறியது. அதை நம்பிக் காலத்தைக் கழிக்காதீர்கள் என்றுதான் வக்கீலம்மா தம் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறார்.

அப்படிச் சொல்லக் காரணம் புதுக்கோட்டை. 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி மறைந்தே போனது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்துக்காரர்கள் நான்கு எம்.பி.க்களைத் தேடிப் போக வேண்டிய நிலை. வழக்குப் போட முடியுமா என்று கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அரசிதழ் வெளியான பிறகே வந்தார்கள். வரைவு வெளியானபோது, ஆணையம் பொது அமர்வு நடத்தியபோது எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தீர்களா என்று வக்கீலம்மா கேட்டார். அப்படியொரு கட்டம் இருந்தது என்பதே வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீதிமன்றம் நடுவே நுழைந்தால் என்ன ஆகும் என்ற மறுபக்கத்தை உள்ளாட்சியில் தமிழ்நாடு அனுபவித்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை, திமுக தொடர்ந்த வழக்கில் அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரிவரச் செய்யப்படவில்லை என்பது அதில் முக்கியமான குறை. பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வார்டு வரையறை என்றார்கள், மாவட்டங்களைப் பிரித்தார்கள், உள்ளாட்சிகளைக் கவனித்த தனி அதிகாரிகளின் பதவிக்காலம் நீண்டுகொண்டே போனது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் வந்தபோதும் எல்லோருக்கும் வரவில்லை. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வரையறையை முடிக்காமல் தேர்தல் நடத்தக் கூடாதென்று 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய 9 மாவட்டங்கள் நிறுத்தப்பட்டன. வரையறையை நான்கு மாதத்தில் முடிக்கச் சொன்னது நீதிமன்றம். அங்கே ஓட்டுப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்.

ஒரு முழுப் பதவிக்காலம் அந்த ஊர்களுக்கு ஊராட்சித் தலைவரே இல்லாமல் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? நீதிமன்றம் சுட்டிய குறைகள் உண்மையானவை, ஒவ்வொரு உத்தரவும் சட்டப்படி சரியானது என்றே வக்கீலம்மா கருதுகிறார். ஆனால் வரையறை முடியவில்லை என்பதைச் சாக்காக வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2006இலேயே அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வரையறை வேலையைக் கடைசி நேரம்வரை கிடப்பில் போட்டுவிட்டுப் பிறகு அதையே தேர்தலுக்குத் தடையாகக் காட்டும் அரசுகளை நோக்கிச் சொன்ன சொல் அது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுபடியும் தனி அதிகாரிகள்தான் வந்தார்கள்.

தேர்தல் வழக்கும் ஊழியர் வழக்கும் எங்கே சந்திக்கின்றன என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் அவரிடம் கேட்பதுண்டு. அவர் காட்டுவது பஞ்சாபின் ஃபெரோஸ்பூரை. 1977 மக்களவைத் தேர்தலில் அங்கே ஓட்டு எண்ணும்போது கலவரம் நடந்தது. தேர்தல் ஆணையம் தொகுதி முழுதும் மறுதேர்தல் என்றது. மொகிந்தர் சிங் கில் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பொன்னுசாமி வழக்கைப் போலவே இதிலும் நீதிமன்றம் நடுவில் நுழையவில்லை. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் ஒரு விதியைச் சொன்னார்: ஓர் அதிகாரியின் உத்தரவு சரியா தவறா என்பதை அந்த உத்தரவில் எழுதியுள்ள காரணங்களைக் கொண்டே பார்க்க வேண்டும், பின்னால் நீதிமன்றத்தில் போடும் பிரமாண வாக்குமூலத்தில் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது. இன்றைக்கு இந்த விதியை அதிகம் பயன்படுத்துவது ஊழியர் வழக்குப் பார்க்கும் வக்கீல்கள்தான். ‘நிர்வாக நலன் கருதி’ என்று ஒற்றை வரியில் பணிமாற்றமோ பணிநீக்கமோ செய்துவிட்டு, வழக்கு வந்த பிறகு கவுண்டர் எனும் பதில் வாக்குமூலத்தில் பத்துப் பக்கத்துக்குக் குற்றம் அடுக்கும் துறைகளை இந்த ஒரு விதி தடுத்து நிறுத்தியிருக்கிறது. வக்கீலம்மாவின் வெற்றிகளில் பல இதனால் வந்தவை.

அவர் அதிகம் பார்த்த உத்தரவுகள் இரண்டு. ஒன்று, அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17பி பிரிவின்படி வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரம் பார்த்து, பத்தாண்டு பழைய சங்கதியைத் தோண்டி வரும். மற்றொன்று ஓய்வுபெறும் நாளன்று மாலை கையில் கொடுக்கப்பட்டுவந்த இடைநீக்க உத்தரவு. மாலையும் சால்வையும் தயாராக இருக்க, பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து காத்திருக்க, பணி ஓய்வுக்கு அனுமதி இல்லை என்று ஒரு தாள் வரும். அதைக் கொடுக்கும் அதிகாரிக்குக் குற்றச்சாட்டு பல ஆண்டுகளாகத் தெரிந்தே இருந்திருக்கும். முப்பது ஆண்டு உழைத்தவரை இப்படி அவமானப்படுத்துவதற்கு எந்த நிர்வாகத் தேவையும் இல்லை என்று இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வக்கீலம்மா குரல் உயர்த்துவார்.

2003 ஜூலை அவர் மறக்காத மாதம். வேலைநிறுத்தம் செய்த தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், விசாரணை ஏதுமின்றி, அவசரச் சட்டத்தின் துணையோடு ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத் தாழ்வாரங்களில் நிற்க இடமில்லை. டிவிஷன் பெஞ்ச் அவர்களை நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஓர் உறுப்பினர். இத்தனை பேரின் வழக்கை ஓர் ஆள் பார்க்க முடியுமா? உச்ச நீதிமன்றமும் இதைக் கவனித்தது. இவ்வளவு அசாதாரணமான நிலையில் உயர் நீதிமன்றமே தலையிட்டிருக்கலாம் என்றது. மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் வாங்கிக்கொண்டு அரசு பெரும்பாலோரை வேலைக்குத் திரும்ப எடுத்தது. ஆனால் 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த டி.கே.ரங்கராஜன் தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று முடிந்தது. முதல் இரண்டோடு வக்கீலம்மா வாதாடுவதில்லை. மூன்றாவதை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. அது நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டிய சொல்லே அல்ல என்பது அவர் முடிவு.

தினக்கூலிகளின் கதை வேறு. 2006 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வின்றி உள்ளே வந்தவர்களுக்குப் பணி நிரந்தரம் உரிமையல்ல என்றது. ஒப்புதல் பெற்ற பணியிடங்களில், நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல், பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களை மட்டும் ஒரே ஒருமுறை நிரந்தரம் செய்ய அது வழிவிட்டது. வழிவிட்ட பத்தியை மறந்து, தடுத்த பத்திகளை மட்டும் கவுண்டரில் நகலெடுத்துப் போட்டன துறைகள். கொங்குப் பக்கத்திலிருந்து, ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார்.

“வேலைக்குச் சேர்ந்தப்போ காயிதம் ஒண்ணும் குடுக்கலைங்க வக்கீலம்மா. கூட்டுன்னாங்க, கூட்டுனேனுங்க.”

“சம்பளம் எப்படிம்மா குடுத்தாங்க? கையில குடுத்தாங்களா, பேங்க்ல போட்டாங்களா?”

“மொதல்ல கையில, வவுச்சருல கையெழுத்து வாங்கிட்டுங்க. அப்பறம் பேங்க்குலீங்க.”

அந்த அம்மாவின் பழைய பாஸ்புக்கில் மாதம் தவறாமல் விழுந்திருந்த தொகைகள்தாம் வழக்குக்கு உயிர் கொடுத்தன. நியமன ஆணை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கின் தேதிகளே நியமன ஆணை. அதனால்தான் தினக்கூலியாக இருக்கும் யாரைப் பார்த்தாலும், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேட்டின் நகல், அடையாள அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள் என்கிறார் அவர். 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் தீர்ப்பு வந்தபோது அதன் நகலை ஜூனியர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவும் தோட்ட வேலையும் செய்து, 2018இல் திடீரென்று நிறுத்தப்பட்டவர்களின் வழக்கு அது. நிரந்தரமான வேலைக்குத் தற்காலிகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, உமாதேவியைக் கேடயமாகப் பிடிப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய உத்தரவிட்டது.

இவ்வளவு சாதகமான சட்டம் இருந்தும் தோற்ற வழக்குகளைக் கேட்டால், பெரும்பாலும் கெடு தவறியவைதாம். பிறந்த தேதியைத் திருத்த வேலைக்குச் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஓய்வுபெறும் தறுவாயில் ஜாதகத்தோடு வருபவர்களுக்கு வழியில்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. கருணை அடிப்படை வேலைக்கு, ஊழியர் இறந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். துக்கத்திலிருக்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல ஆளிருக்காது. இன்னொரு மாயமும் உண்டு. பழைய குறைக்குப் புதிதாக ஒரு மனுக் கொடுத்து, ‘மனுவைப் பரிசீலிக்கவும்’ என்று நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கிவிட்டால் செத்த வழக்குக்கு உயிர் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. 2008இல் சி.ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு தர்சேம் சிங் வழக்கில் ஓய்வூதியக்காரர்களுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது: தப்பாகக் கணக்கிட்ட ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம், ஆனால் நிலுவை பொதுவாக மூன்றாண்டுக்குத்தான்.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரின் பெயரை, அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டு கழித்து பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து, வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே யார் பெயர் எதனால் போனது என்பது வெளியே வந்தது. உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டியவர் வாக்காளரேதான்.

எனவே வக்கீலம்மா கட்சிக்காரர்களிடம் கேட்டுக்கொள்வதை வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம். வரைவுப் பட்டியல் வந்த அன்றே உங்கள் பெயரையும் வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6, திருத்தம் என்றால் படிவம் 8. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பதிவு அலுவலர் மறுத்தால் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய 15 நாள்தான் இருக்கிறது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயரைச் சேர்க்கவே முடியாது. வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அரசிதழில் வந்திருக்கிறது. அதன் பிறகு வார்டோ தொகுதியோ மறுவரையறைக்கு வரும்போது, வரைவு வெளியான வாரமே உங்கள் தெரு எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில், தேதியிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பொது அமர்வு உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். அரசிதழில் இறுதி ஆணை வந்த பிறகு எந்த வக்கீலைப் பார்த்தாலும் பயன் மிகக் குறைவு.